வேகம் குறைந்தால் கோபம் தணிந்துவிட்டது என்று பொருளா? ப்ராபகாந்தியின் ‘அட் பீஸ்’ பற்றி ஒரு பதில்

கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கனடா நாட்டு பங்க் (வேகமும் இரைச்சலும் கொண்ட ஒரு ராக் வகை) இசைக்குழுவான ப்ராபகாந்தியின் பழைய ஆல்பங்களைக் கேட்டுப் பழகியவர், 2025இல் வெளியான ‘அட் பீஸ்’ ஆல்பத்தைக் கேட்டு ஏமாற்றம் அடைந்திருக்கிறார். பழைய வேகம் இல்லை, தலைப்போ ‘அமைதியாக இருக்கிறேன்’ என்பதுபோல் ஒலிக்கிறது, இத்தனை ஆண்டுகள் அரசியல் பேசியவர்கள் வயதானதும் அடங்கிவிட்டார்களா என்று கேட்கிறார். அதோடு, இவ்வளவு இரைச்சலுக்குள் மெட்டு எங்கே இருக்கிறது, நம் ஊரில் தமிழில் இப்படிச் செய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். போகிற போக்கில் கேட்ட அந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்கிறேன், மெட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நான் தருமபுரியில் 2003 முதல் கிதார் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மெல்லிசைக் குழுக்களோடு வாசித்துப் பிழைத்தேன். பங்க் இசை எனக்கு பெங்களூரில் வாங்கிய பழைய சிடிக்கள் வழியாக வந்தது. ப்ராபகாந்தியை மேடையில் நேரில் பார்த்தவன் இல்லை. ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பாடல் வரிகள் அச்சிட்ட தாளையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவர்களுடைய பாட்டுகளைப் புரிந்துகொண்டேன். எனவே இந்தப் பதிலில் வாத்தியம், தாளம், குரல் பற்றிச் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன். குழுவின் வரலாறு பதிவில் உள்ள செய்தி. பாட்டின் உள்நோக்கம் பற்றிச் சொல்வது மட்டும் என் அனுமானம், அதை நீங்கள் மறுக்கலாம்.

முதலில் மெட்டு. ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். கிதாரில் ஒலியைச் சிதைத்து உரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை முழுதாகத் திறந்துவிட்டு, ச, க, ப மூன்றும் சேர்ந்த சாதாரண சி மேஜர் கார்டை ஆறு தந்தியிலும் வாசியுங்கள். ஒலி சேறாகிவிடும். ஒவ்வொரு சுரமும் பெடலுக்குள் மற்றொன்றோடு உரசி, நாம் வாசிக்காத சுரங்களையெல்லாம் உண்டாக்கும். ச-வும் க-வும் சேர்ந்து உருமும்போது அந்த உரசல் மிக அதிகம். இப்போது காந்தாரத்தை எடுத்துவிட்டு ச-வையும் ப-வையும் மட்டும் கீழ்த் தந்திகளில் வாசியுங்கள். சேறு வடிந்து, இரும்புப் பாளம் போன்ற ஒரே ஒலி வரும். பவர் கார்டு என்று கிதார்க்காரர்கள் சொல்வது இதைத்தான். பங்க் இசையின் அடித்தளம் முழுவதும் இந்தச் சட்ஜ பஞ்சமம்தான். என் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைச் செய்து காட்டிவிடுவேன், ஏனென்றால் இதைக் காதால் உணராதவர்களுக்கு இந்த இசை கடைசிவரை இரைச்சலாகவே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்து வருவது. காந்தாரம் இல்லாத கார்டு மகிழ்ச்சியையும் சொல்லாது, துயரத்தையும் சொல்லாது. மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பது காந்தாரம். அது கிதாரில் இல்லை. ஆகவே அந்த வேலை பாடுகிறவரின் தொண்டைக்கு வந்து சேர்கிறது. அதே ச-ப ஒலித்துக்கொண்டிருக்கும்போது பாடகர் மேஜருக்குரிய அந்தர காந்தாரத்தைத் தொட்டால் அறை வெளிச்சமாகிறது. மைனருக்குரிய, ‘சாதாரண காந்தாரம்’ என்ற சற்றுத் தாழ்ந்த சுரத்தைத் தொட்டால் இருட்டுகிறது. கிதார் ஒரு விரலும் நகரவில்லை. தம்பூராவைப் பின்னால் வைத்துக்கொண்டு பாடிப் பழகிய நம் காதுகளுக்கு இது புதிது இல்லை. அங்கேயும் சட்ஜமும் பஞ்சமமும் நின்றுகொண்டிருக்க, ராகத்தின் முகத்தைக் குரல்தான் வரைகிறது. மெலடிக் பங்க் என்ற வகையில் ‘மெலடிக்’ என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: உணர்ச்சியின் முழுப் பொறுப்பும் குரலிடம் ஒப்படைக்கப்பட்ட இசை. 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பேட் ரிலிஜன் குழு இந்த வழியை நன்றாகப் போட்டுக் கொடுத்தது. 1988இல் வந்த அவர்களுடைய ‘சஃபர்’ ஆல்பத்தில் மூன்று குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து பாடுவதைக் கேட்டால், பின்னால் வந்த இந்த வகைக் குழுக்களில் பெரும்பாலானவை எங்கிருந்து எடுத்துக்கொண்டன என்பது விளங்கும். அந்தக் குழுவின் கிதார்க் கலைஞர் தொடங்கிய எபிடாஃப் நிறுவனம்தான் இன்று ‘அட் பீஸ்’ ஆல்பத்தையும் வெளியிட்டிருக்கிறது.

தாளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பங்க் வேகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே ஓர் எளிய அமைப்பு: பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மில் ஒரு அடி, ஸ்நேர் என்ற தெறிக்கும் ஒலியுள்ள சிறிய டிரம்மில் ஒரு அடி, மாறி மாறி, நிமிடத்துக்கு இருநூறு எண்ணிக்கையை ஒட்டியோ அதைத் தாண்டியோ. இந்த ஓட்டத்தில் பாடகருக்கு ஓர் அசையை நீட்ட இடமே கிடைக்காது. சொற்களைத் தாளத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அரசியல் பேச விரும்பிய குழுக்களுக்கு இது வாய்ப்பாக அமைந்தது, இரண்டு நிமிடப் பாட்டில் ஒரு துண்டுப் பிரசுரத்தின் சொற்களை வைத்துவிடலாம். ஆனால் அதே காரணத்தால் கேட்பவருக்கு ஒரு சொல்லும் தங்காமல் போகவும் கூடும். இந்தச் சிக்கலை ப்ராபகாந்தி தன் எட்டு ஆல்பங்களிலும் எப்படிக் கையாண்டது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

குழுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986இல் மானிடோபா மாகாணத்தில், போர்ட்டேஜ் லா ப்ரேரி என்ற சிற்றூரில், கிறிஸ் ஹன்னாவும் ஜோர்ட் சமோலெஸ்கியும் தொடங்கிய குழு இது. சுற்றிலும் கோதுமை வயல், ஊரை ஒட்டி அப்போது விமானப் படைத் தளம். பிரசாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு காந்தியின் பெயரை ஒட்டித் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் நிலைகொண்டார்கள். 1993இல் முதல் ஆல்பம். வேகமும் விளையாட்டும் கலந்தது. 1996இல் வந்த ‘லெஸ் டாக், மோர் ராக்’ தான் திருப்பம். மேடையில் அரசியல் பேசினால் ‘பேச்சை நிறுத்து, பாட்டை எடு’ என்று கூட்டத்திலிருந்து எழும் கூச்சலையே தலைப்பாக்கி, அட்டையில் தாங்கள் விலங்குகளின் பக்கம், பாசிசத்துக்கு எதிர்ப்பக்கம், தற்பாலினரின் பக்கம், பெண்ணுரிமையின் பக்கம் என்று அச்சிட்டார்கள். ஆண் பிள்ளைகள் முட்டி மோதி ஆடும் கூட்டங்களை நம்பியிருந்த ஓர் இசையில் 1996இல் அப்படி அச்சிடுவது இருக்கிற ரசிகரையும் இழக்கும் வேலை, இழக்கவும் செய்தார்கள். 1997இல் பேஸ் கிதார் வாசித்த ஜான் கே. சாம்சன் விலக, டாட் கோவால்ஸ்கி வந்து சேர்ந்தார். 2001 ஆல்பத்திலிருந்து த்ராஷ் மெட்டல் என்ற கனத்த ராக் வகையின் முரட்டு ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் கிதார்த் துணுக்குகள்) சிக்கலான தாள மாற்றங்களும் கூடின. 2015இல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சுலின் ஹாகோ இரண்டாவது கிதாருக்கு வந்தார். 2017இல் ‘விக்டரி லேப்’. அதன் பின் ஏழரை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2025 மே 2 அன்று ‘அட் பீஸ்’.

இவர்களுடைய அரசியல் வெறும் வேஷமா என்ற ஐயம் உங்கள் கேள்வியின் அடியில் ஓடுகிறது. பாட்டை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது; நடத்தையை வைத்து ஓரளவு முடியும். 1997இல் ஹன்னாவும் சமோலெஸ்கியும் வின்னிபெக்கில் தொடங்கிய இசைப் பதிப்பகத்தை, முதலாளி என்று ஒருவர் இல்லாமல், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கூலி, எல்லோருக்கும் நல்ல வேலையும் சலிப்பூட்டும் வேலையும் கலந்து பங்கு என்ற முறையில் நடத்தினார்கள். பங்கேற்புப் பொருளாதாரம் என்று சிந்தனையாளர்கள் சிலர் முன்வைத்த திட்டம் அது. பேசுவது எளிது, சம்பள நாளில் நடத்திக் காட்டுவது கடினம். 2006இல் கனடாவில் பாடலாசிரியருக்கான பரிசாக 5000 டாலர் கிடைத்தபோது அதை ஹெய்ட்டிக்காகக் குரல் கொடுத்த அமைப்புக்கும் வின்னிபெக்கில் அகதிகளுக்கு உதவும் அமைப்புக்கும் கொடுத்தார்கள். இவற்றால் அவர்கள் மகான்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் தங்கள் பாட்டுக்குத் தாங்களே விலை கொடுத்தவர்கள் என்று சொல்ல இது போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது புதிய ஆல்பம். வேகம் குறைந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வது சரி. தாள வேகத்தை அளக்கும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பார்த்தாலும் அதுதான் தெரியும். ஆல்பத்தின் பெரும்பகுதி நடுத்தர வேகத்தில், கனத்த ரிஃப்களின் மேல் நடக்கிறது. ஆனால் வேகம் குறைந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே கிடைத்த இடத்தில் கிதார் முழுதாக அதிர்ந்து அடங்குகிறது. ஹன்னாவின் குரல் ஒவ்வொரு சொல்லையும் முடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது. முன்பு மூன்று முறை கேட்டு, தாளைப் பார்த்து, அப்புறம்தான் எனக்குப் பிடிபட்ட வரிகள் இதில் முதல் முறையிலேயே காதில் விழுந்தன. ஐம்பதைக் கடந்தவர்களால் பழைய வேகத்தில் வாசிக்க முடியவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வாசிப்பவன் என்ற முறையில் நான் அதை ஏற்கவில்லை. இந்தக் கனத்தில் இரண்டு கிதாரும் டிரம்மும் நூலிழை பிசகாமல் சேர்ந்து விழுவது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம்; வேகத்தில் பிழை ஒளிந்துகொள்ளும், நிதானத்தில் அம்பலமாகும். வகுப்பில் வேகமாக வாசிக்கும் பையனைப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொன்னால் நெற்றி வியர்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது மேற்கத்திய இசை இல்லை, நம் பக்கத்துக் கூத்து. பாலக்கோடு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில், கடைசி நாளுக்கு முந்தைய இரவு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். முன்னிரவில் வேஷக்காரர்கள் சுற்றிச் சுழன்று ஆடினார்கள், மத்தளம் ஓடியது, முகவீணை அதன் மேல் பறந்தது, கூட்டம் கைதட்டியது. விடிவதற்கு முன் துரியோதனன் தன் தம்பிகளை இழந்து தனியாக வந்து நிற்கும் கட்டத்தில் மத்தளக்காரர் காலப்பிரமாணத்தைப் பாதியாக இறக்கினார். அடிகள் குறைந்தன, ஒவ்வோர் அடியும் கனத்தது. நடிகர் ஒரு விருத்தத்தை எடுத்தார். கால் சலங்கை அசையவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி என் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். முன்னிரவின் வேகம் அவளை எழுப்பவில்லை, அந்த நிதானம் எழுப்பியது. ‘அட் பீஸ்’ ஆல்பத்தை முதல் முறை முழுவதும் கேட்டு முடித்தபோது அந்த விடியற்காலைதான் நினைவுக்கு வந்தது.

தலைப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொற்றொடர் மன அமைதி கண்டவரையும் குறிக்கும், இறந்துபோனவரையும் குறிக்கும். நாம் ‘நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்’ என்று சொல்வது போல. இரண்டு பொருளையும் தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் பாட்டில் வரும் ஆள் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லும்போது மெட்டு அமைதியாக இல்லை. ஆல்பம் வந்த சமயத்தில் ஹன்னா சொன்னதன் சாரம், தன் கருத்துகள் இளம் வயதில் இருந்தவையேதான், ஆனால் அன்று கூடவே இருந்த நம்பிக்கை தேய்ந்து, அந்த இடத்தில் மனச்சோர்வு கூடியிருக்கிறது என்பது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கோபம் தணியவில்லை, அதன் முகம் திரும்பியிருக்கிறது. முன்பு ‘நீ செய்வது தவறு’ என்று வெளியே கை நீட்டிய குரல், இப்போது ‘இத்தனைக்குப் பிறகும் நான் எப்படி வாழ்வது’ என்று தன்னையே கேட்கிறது. ‘இனி இளைஞன் இல்லை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாட்டே இருக்கிறது. வெளியே கேட்கும் கேள்வியைவிட இந்தக் கேள்வி அரசியல் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் கலை இரவு மேடைகளில் பாடிய தோழர்கள் சிலர் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்களிடம் பேசினால் இதே கேள்விதான் முதலில் வருகிறது.

வெளியுலகை மறந்துவிட்டார்கள் என்றும் இதற்குப் பொருள் இல்லை. ‘பெனிட்டோவின் ஆரம்பகாலப் படைப்புகள்’ என்பதுபோல் ஒரு பாட்டுக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். இசை ரசிகர்கள் ‘அவருடைய ஆரம்பகால ஆல்பங்கள்தான் எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லிக்கொள்வதை வைத்துச் செய்த தலைப்பு; ஆனால் அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலியின் சர்வாதிகாரி பெனிட்டோ முசோலினி 1912 முதல் 1914 வரை அந்நாட்டு சோசலிஸ்ட் கட்சியின் நாளேட்டுக்கு ஆசிரியராக இருந்தவர். உழைப்பாளர் பெயரால் எழுதிய அதே கை சில ஆண்டுகளில் எங்கே போய் நின்றது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பு சிரிப்போடு முடியாது. ‘தீப் பருவம்’ என்று மற்றொரு பாட்டு. ஆல்பம் வந்து ஒரு மாதம் முடிவதற்குள், மே 28 அன்று, காட்டுத் தீயால் மானிடோபா மாகாணமே நெருக்கடி நிலையை அறிவித்து, சுமார் 17,000 பேரை ஊர்களைவிட்டு வெளியேற்றியது. நம் மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டை ஒருவர் பாட்டாகப் பாடி வைக்க, அந்தப் பாட்டு வெளிவந்த மாதமே அணை வற்றிப் போவது போன்றது அது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2009இல் வந்த இவர்களுடைய ஆல்பத்தின் தலைப்பில் ‘காஸ்ட்’, அதாவது சாதி என்ற சொல் வருகிறது. ‘துணை நடிகர்கள்’ என்ற ஆங்கிலத் தொடரில் ஓர் எழுத்தைக் கூட்டிச் செய்தது. மேல் தட்டைத் தாங்கி நிற்கும் கீழ்த் தட்டு என்று அங்கே அதற்குப் பொருள். தருமபுரி மாவட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும் நமக்கு அந்தச் சொல் வேறு கனத்தோடு விழுகிறது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட ஊர் இது. அவர்களுடைய உருவகத்தை எடுத்து நம் சாதியின் மேல் அப்படியே ஒட்டிவிட்டு, கனடாக்காரர்கள் நம்மைப் பாடிவிட்டார்கள் என்று சொல்வது அவர்களுக்கும் நியாயம் இல்லை, இங்கே வீடு எரிந்தவர்களுக்கும் நியாயம் இல்லை. என் மாணவர்கள் சிலர் அப்படிச் சொன்னபோது நான் தடுத்திருக்கிறேன். ப்ராபகாந்தியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சொல்லை இல்லை, முறையை.

அந்த முறை என்ன என்பதற்கு அதே 2009 ஆல்பத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. பனி ஹாக்கி ஆட்ட அரங்கில் ராணுவச் சடங்கு நடப்பதைப் பார்த்து, ஒரு தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சியை நடத்துபவருக்குக் கடிதம் எழுதுவது போல் ஒரு பாட்டு. போர் தீயது என்று அதில் பொதுவாக முழங்கவில்லை. தனக்கு உயிரான விளையாட்டு, அந்த அரங்கு, குறிப்பிட்ட மனிதர், பக்கத்தில் ஒரு குழந்தை. அதற்குள் போரைப் பற்றிய கேள்வியை வைக்கிறார்கள். கனடாவில் ஹாக்கி என்பது நம் ஊரில் கிரிக்கெட்டும் திருவிழாவும் சேர்ந்த அளவுக்கு நெருக்கமானது. வெறுக்கிறவன் எழுதிய பாட்டு இல்லை, நேசிக்கிறவன் எழுதியது. அதனால்தான் அது குத்துகிறது.

தமிழில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை இங்கிருந்து தொடங்குகிறது. மின்கிதாரையும் நம் வாத்தியங்களையும் வைத்து அரசியல் பாட்டு பாடுவது ஏற்கெனவே நடந்திருக்கிறது; 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ராக் இசையையும் ஒரே மேடையில் சேர்த்தது. மெலடிக் பங்க் என்ற இந்தக் குறிப்பிட்ட வடிவத்துக்குத் தமிழ் எப்படி ஒத்துவரும் என்பதைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் முதலில் ஆங்கிலப் பாட்டின் பொருளைத் தமிழில் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். ‘அதிகாரிகள் எங்கள் வீடுகளை இடித்தார்கள்’ என்று ஒரு வரி. பாடிப் பாருங்கள்: ‘அதிகாரிகள்’ என்ற ஒரு சொல்லே பாதித் தாளத்தைத் தின்றுவிடுகிறது; வரியின் உயிரான வினை கடைசியில் வருகிறது, அதிலும் ‘ஆர்கள்’ என்று தொங்கிக்கொண்டு முடிகிறது. ஸ்நேர் அடி விழும் இடத்தில் வலுவான அசை இல்லை. தமிழ் இந்த இசைக்கு ஒத்துவராது என்று அந்தப் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

ஒத்துவராதது எழுத்து நடை. பேச்சு நடைக்கு வந்ததும் கதவு திறக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன், அவன் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியை ஒட்டியது, ஒரு நாள் நோட்டில் இப்படி எழுதிக்கொண்டு வந்தான்: ‘கல்ல அறுத்தான், மலைய வித்தான், எல்லைக் கல்லையும் லாரியில ஏத்தினான்.’ எதுகை என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் கல்ல, எல்லை என்று இரண்டாம் எழுத்து தானாக வந்து பொருந்தியிருந்தது. ஆங்கிலப் பாட்டு வரியின் கடைசியில் ஒலியைப் பொருத்தும். தமிழ் வரியின் தொடக்கத்திலேயே பொருத்தும். பாடகர் மூச்சை இழுத்துவிட்டு முதல் சொல்லை வெளியே தள்ளும் இடமும் அதுதான், பேஸ் டிரம் விழும் இடமும் அதுதான். குறிலைத் தொடர்ந்து ஒற்று வரும் ‘கல்’, ‘றுத்’, ‘வித்’ போன்ற அசைகள் டிரம் அடி போலவே தெறித்து நிற்கின்றன. ஒப்பாரியிலும் கூத்துப் பாட்டான தருவிலும் இந்த வேலைப்பாடு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், நாம் கற்க வேண்டியதில் பாதியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியே தேடுகிறோம் என்று தோன்றுகிறது. பின்னணியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கடைசி வரியைத் திருப்பிப் பாடும் வழக்கம் பங்க் இசையிலும் உண்டு. கூத்தில் நாம் பின்பாட்டு என்று சொல்வதற்கும் அதற்கும் வேலை ஒன்றுதான், முன்னால் நிற்பவனுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பதும், அவன் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது என்று காட்டுவதும்.

அந்தப் பையனின் வரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். சுரண்டல் என்ற சொல் அதில் இல்லை. எல்லைக் கல் இருக்கிறது, லாரி இருக்கிறது. தன் அப்பாவின் நிலத்து எல்லைக் கல் ஒரு நாள் காலையில் காணாமல் போயிருந்ததை அவன் நேரில் பார்த்தவன். ஆகவே பாட்டு எழுதத் துணியும் பிள்ளைகளிடம் நான் ஒரே ஒரு விதியைத் தான் வற்புறுத்துகிறேன்: நாளையும் இடத்தையும் பொருளையும் முதலில் எழுதிவிட்டு, கோபத்தைக் கடைசியில் எழுதுங்கள். நம் மாவட்டத்திலேயே அதற்கு எத்தனையோ இருக்கின்றன. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கம் வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்தார்கள். மக்களை ஆலமரத்தடியில் திரட்டினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடியுமுன் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது; சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023இல் உறுதி செய்தது. இந்த எண்களையும் அந்த ஆலமரத்தையும் சொன்ன பிறகு அதிகாரம் கொடியது என்று தனியாக ஒரு வரி தேவைப்படாது. அதே சமயம், அந்த ஊர்ப் பெண்களின் துயரத்தை எடுத்துப் பாடும் உரிமை கிதார் வைத்திருக்கும் யாருக்கும் தானாக வந்துவிடுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதலில் உங்கள் வீட்டு எல்லைக் கல்லிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை.

இனி, ஏமாற்றம் தந்த அந்த ஆல்பத்தை எப்படி மறுபடி கேட்பது என்று சொல்கிறேன். செல்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிதார் வராது, பேஸ் இல்லாமல் இந்த ஆல்பத்தின் கனம் தெரியாது. சாதாரண ஹெட்போன் போதும். முதலில் ‘விக்டரி லேப்’ ஆல்பத்திலிருந்து வேகமான ஒரு பாட்டைக் கேளுங்கள், உடனே ‘அட் பீஸ்’ தலைப்புப் பாட்டை வையுங்கள். முதல் தடவை கிதாரை மறந்துவிட்டு, குரல் எந்த இடங்களில் காந்தாரத்தைத் தொடுகிறது என்பதை மட்டும் உங்கள் கிதாரில் ச-ப வைத்துக்கொண்டு கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். இரண்டாவது தடவை வரிகள் அச்சிட்ட தாளோடு. மூன்றாவது தடவை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, எந்தச் சொல் அடியின் மேல் விழுகிறது, எது அடிக்குப் பின்னால் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிக்குப் பின்னால் வரும் சொற்களைத் தனியே எழுதிப் பாருங்கள். பாடுகிறவருக்குத் தயக்கம் உள்ள இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன என்பது நான் கண்டது. நீங்களும் அப்படியே காண்கிறீர்களா, வேறாகக் கேட்கிறதா என்று எழுதுங்கள். நண்பர் ஒருவரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, ஒருவர் தாளம் போட ஒருவர் குறித்துக்கொள்ளலாம்.